நம் மலைகள் எரிமலையில் பிறந்தவையா? மலையகத்துப் பாறையும் மண்ணும் பற்றி ஒரு விரிவான பதில்

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் ஒரு தங்கச்சி தலவாக்கலைப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்து மலைகள் பழைய எரிமலைகள் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். உண்மையா? தேயிலைக்கு நடுவில் இவ்வளவு பெரிய உருண்டைக் கற்கள் எங்கிருந்து வந்தன? வருஷா வருஷம் எங்கேயாவது மண் சரிகிறதே, மலை முழுவதும் ஒரு நாள் சரிந்துவிடுமா?"

மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதலில் சுருக்கமாக: எரிமலை இல்லை. கற்கள் எங்கிருந்தும் வரவில்லை, பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே உருண்டையானவை. மலை சரியாது, அதன் மேல் கிடக்கும் மண் சரியும். இந்த மூன்றாவது விஷயம் நம் சனங்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் அதற்குத்தான் கடைசியில் வரப்போகிறேன். ஆனால் பாறையைப் பற்றித் தெரியாமல் மண்ணைப் பற்றிப் பேசினால் பாதிதான் விளங்கும்.

சரி, எரிமலை. நம் பாறை கறுப்பாக இருப்பதால் அப்படி நினைக்கிறார்கள் போலும். கல் உடைக்கும் இடத்தில் புதிதாக உடைந்த ஒரு துண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும். கனிமப் பரல்கள் வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். சில துண்டுகளில் மிளகளவு சிவப்புப் புள்ளிகள் இருக்கும், அவை கார்னெட் என்ற கனிமம். எரிமலைக் குழம்பு வெளியே வந்து சீக்கிரம் ஆறிவிடுவதால் அதில் பரல்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. நம் கல்லில் இருப்பவை நிலத்துக்கு அடியில், வெகு ஆழத்தில், மிக மெதுவாக வளர்ந்தவை. இவை உருமாறிய பாறைகள், அதாவது சூட்டாலும் அழுத்தத்தாலும் வேறொரு பாறையிலிருந்து மாறியவை.

உருமாறுவதற்கு முன்னால் என்னவாக இருந்தன? பல வகை. ஒரு பகுதி ஏதோவொரு பழைய கடலடியில் படிந்த மணல், சேறு, சுண்ணாம்பு. மணல் குவார்ட்சைட் என்ற கடினமான பாறையானது. சேறு, கார்னெட் நிறைந்த பட்டைப் பாறையானது. சுண்ணாம்பு பளிங்கானது, கண்டி, திகனை, மாத்தளைப் பக்கம் டொலமைட் என்று வெட்டி எடுக்கிறார்களே, அது. இன்னொரு பகுதி ஆழத்திலேயே இறுகிய தீப்பாறை. கரும்பச்சை நிறத்தில் எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் சார்னொகைட் என்ற பாறை மலையகத்தில் நிறைய உண்டு. நீலகிரியும் பெரும்பாலும் அதே வகைப் பாறைதான், ஆனால் வயதில் நம்முடையதை விட மிக மூத்தது.

இந்த மாற்றம் நடந்தது ஏறக்குறைய 61 கோடிக்கும் 55 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன். அப்போது கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி கொண்டுவானா என்ற பெருநிலம் உருவாகிக்கொண்டிருந்தது. இலங்கை அதன் நடுவில், இந்தியாவுக்கும் மடகஸ்காருக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது. மோதலில் மடிந்து கீழே போன பாறைகள் 25, 30 கிலோமீற்றர் ஆழத்தில் 800, 900 பாகை செல்சியஸ் சூட்டில் கிடந்தன. மேட்டுநிலத் தொகுதி என்று நம் பாடத்தில் வருவது இந்தப் பாறைகளைத்தான். கிழக்கே விஜயன் தொகுதி, வடமேற்கே வன்னித் தொகுதி. அந்தாட்டிக்காவில் லுட்சோ-ஹோல்ம் விரிகுடாவின் கரையில் இதே வகை, இதே வயதுப் பாறைகளைக் கண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தக் கரையும் நம் நிலமும் ஒட்டிக் கிடந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இன்னும் பின்னால் போகலாம். இந்தப் பாறைகளுக்குள் சிர்க்கோன் என்ற நுண்ணிய பரல்கள் உண்டு. அவை லேசில் அழியாது. ஆற்றில் உருண்டு, கடலில் படிந்து, சூட்டில் வெந்து, அதற்குப் பிறகும் தங்கள் பழைய வயதை உள்ளே வைத்திருக்கும். அவற்றில் 200 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை கிடைத்திருக்கின்றன, சில 300 கோடியையும் தாண்டியவை. அதாவது நம் மலை ஒருமுறை வேறொரு மலையாக இருந்து, கரைந்து, மணலாகி, மறுபடி பாறையாகி வந்திருக்கிறது. எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

பூகம்பம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எரிமலை என்றால் அடுத்த பேச்சு அதுதான். எரிமலையும் பெரிய பூகம்பமும் பெரும்பாலும் புவித்தகடுகளின் விளிம்பில் வருபவை. நமக்குக் கிட்டிய பெரிய விளிம்பு சுமாத்திராப் பக்கம், ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். 2004 சுனாமி அங்கிருந்துதான் கிளம்பியது. தகட்டின் உள்ளே இருக்கும் நமக்குச் சின்ன அதிர்வுகள் வராமல் இருக்காது. 2020இல் திகனைப் பக்கம் பல தடவை உணர்ந்தார்கள். ஆனால் மலையகத்தில் இருந்துகொண்டு எரிமலைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம் பெரிய கேள்வி: 25 கிலோமீற்றர் ஆழத்தில் கிடந்த பாறை எப்படி 2,524 மீற்றர் உயரப் பிதுருதலாகலையின் உச்சிக்கு வந்தது?

இமயமலை மாதிரி ஏதோ ஒன்று கீழிருந்து தள்ளி எழுப்பியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இமயமலை உண்மையிலேயே அப்படிப்பட்டது. இந்தியத் தகடு ஆசியாவின் மேல் மோதி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் மோதிக்கொண்டிருக்கிறது, அது இன்னும் உயர்கிறது. நம்முடைய கதை வேறு. நம் மோதல் முடிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அன்று எழுந்த மலைத்தொடர் எப்போதோ கரைந்து போய்விட்டது. நாம் பார்ப்பது அதன் அடிவேர்.

அடிவேர் மேலே வந்த விதம் இதுதான். கண்டத்தின் மேலோடு கீழேயுள்ள கனமான பாறைப் படையின் மேல் மிதந்தபடி இருக்கிறது. மேலேயுள்ள பாறையை மழையும் ஆறும் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோகும்போது பாரம் குறைகிறது. சாமான் இறக்க இறக்கப் படகு தண்ணீருக்கு மேலே எழும்புவது போல நிலமும் எழும்பும். அரிக்கும், எழும்பும், மறுபடி அரிக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இது நடந்ததால்தான் ஆழத்தில் வெந்த கல் இன்று நம் வாசற்படியாகக் கிடக்கிறது. பிறகு 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், கொண்டுவானா உடைந்து அந்தாட்டிக்கா விலகத் தொடங்கியபோது புதிதாகக் கடற்கரை உண்டாயிற்று. கடல் பக்கத்தில் வந்துவிட்டால் ஆறுகளுக்கு வேகம் கூடும். அவை கரையிலிருந்து உள்நோக்கி வெட்டத் தொடங்கின.

அந்த வெட்டின் அடையாளம் ரயிலில் போனால் உடம்பிலேயே தெரியும். கொழும்பிலிருந்து றம்புக்கணை வரை அநேகமாகத் தட்டையான நிலம். அங்கே ஏற்றம் தொடங்கி, கடுகண்ணாவைக்கு வரும்போது 500 மீற்றரைத் தாண்டிவிடும். பிறகு கம்பளை, நாவலப்பிட்டி வரை பெரிய ஏற்றம் இல்லை. நாவலப்பிட்டிக்கு அப்பால் மறுபடி ஏறத் தொடங்கி ஹட்டனில் 1,200 மீற்றரைத் தாண்டி, பட்டிப்பொலையில் 1,890 மீற்றருக்குப் போய்விடும். தெற்குப் பக்கம் இந்தப் படிகளை நெருக்கிவைத்தாற்போல் இருக்கும்: ஹப்புத்தளையில் நின்றால் காலடியில் தாழ்நிலம், ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு என்ற இடத்தில் ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்து.

இந்த மூன்று படிகளை 1929இல் அடம்ஸ் என்ற புவிச்சரிதவியலாளர் விவரித்தார். 1940களில் இங்கே அரச கனிமவியலாளராக இருந்த டி. என். வாடியா, நிலம் கட்டை கட்டையாகப் பிளந்து உயர்ந்ததால் படிகள் வந்தன என்றார். பின்னால் வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பாறையின் கடினம் இடத்துக்கு இடம் வேறுபடுவதும், செங்குத்துச் சரிவுகள் ஆற்றின் வெட்டால் மெதுவாகப் பின்வாங்குவதும் போதுமான காரணங்கள் என்றார்கள். எனக்கும் அதுதான் வலுவான விளக்கமாகப் படுகிறது. வாடியா சொன்னபடி என்றால் ஒவ்வொரு படியின் ஓரத்திலும் பெரிய பிளவு ஒன்று ஓட வேண்டும். அப்படித் தொடர்ச்சியாகக் காட்டக்கூடிய பிளவுகள் இல்லை. ஆனால் கடினமான குவார்ட்சைட்டும் சார்னொகைட்டும் இருக்கும் இடத்தில் முகடும், மென்மையான பளிங்கு இருக்கும் இடத்தில் பள்ளத்தாக்கும் நிற்பதை வரைபடத்தில் அப்படியே பார்க்கலாம். பம்பரகந்தையில் 263 மீற்றர், தியலுமையில் 220 மீற்றர் என்று நீர்வீழ்ச்சிகள் இந்தத் தெற்குச் செங்குத்தை ஒட்டி விழுவதும் தற்செயல் இல்லை.

இனி உருண்டைக் கற்கள். இதற்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன், உங்கள் ஊரிலும் இருக்கும். வீதி அகலமாக்க மலையை நேராக வெட்டியிருப்பார்களே, அந்த வெட்டுமுகத்தின் முன்னால் நில்லுங்கள். மேலே ஒரு முழ ஆழத்துக்குக் கறுத்த மண், தேயிலை வேர் தொங்கும். அதன் கீழ் செங்களி, நனைந்தால் கையில் ஒட்டும். இன்னும் கீழே நிறம் வெளுத்து மஞ்சளும் வெள்ளையும் கலந்து வரும். அங்கே விரலால் அழுத்துங்கள், உதிரும். ஆனால் உற்றுப் பார்த்தால் பாறையில் இருந்த அதே பட்டைகள் கோடு தவறாமல் ஓடுவது தெரியும். அது மண்ணே இல்லை, நின்ற இடத்திலேயே மக்கிப்போன பாறை. கல்லின் உருவம் அப்படியே இருக்கிறது, பலம் மட்டும் போய்விட்டது. அதற்கு நடுவில் அங்கங்கே இறுகிய உருண்டைகள் பதிந்திருக்கும். அவற்றைச் சுற்றித் துரு நிறத்தில் தகடு தகடாகக் கழன்று வரும். எல்லாவற்றுக்கும் அடியில், வெட்டு போதிய ஆழமாக இருந்தால், வெடிப்பு ஓடிய கருங்கல்.

நடப்பது என்னவென்றால், பாறையில் இயல்பாகவே ஒன்றுக்கொன்று குறுக்காக வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றுள் இறங்கி எல்லாப் பக்கமும் தின்னத் தொடங்கும். சதுரக் கட்டியின் மூலைகளை மூன்று பக்கமிருந்து தண்ணீர் தாக்குவதால் அவை முதலில் போகும். நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சும். பிறகு மழை சுற்றியுள்ள மக்கலைக் கழுவிக்கொண்டு போனால் உருண்டை வெளியே நிற்கும். நம் தேயிலைக்கு நடுவே நிற்கும் யானைக்கற்கள் பெரும்பாலானவை இப்படி மிஞ்சியவை. சில மேலிருந்து உருண்டு வந்தவையும் உண்டு. அடையாளம் எளிது: கல்லின் பட்டைகள் அடியிலுள்ள பாறையின் பட்டைகளோடு ஒரே திசையில் ஓடினால் நின்ற கல், கோணல் மாணலாக இருந்தால் வந்த கல். வந்த கற்கள் நிறைந்த சரிவைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி பேசுவேன்.

வானிலையாலழிதல் என்று பாடத்தில் வருவது இதுதான். பெல்ஸ்பார் என்ற கனிமத்தை, காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயு கரைந்து சற்றுப் புளித்த மழைநீர் களியாக மாற்றுகிறது. கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கரைந்து ஆற்றோடு போய்விடுகின்றன. அலுமினியமும் இரும்பும் தங்கிவிடுகின்றன. இரும்பு துருப்பிடிப்பதால் மண் சிவப்பு. சத்துக் கழுவப்பட்ட அமில மண் நெல்லுக்கும் மரக்கறிக்கும் அவ்வளவு நல்லதல்ல, ஆனால் தேயிலைக்கு அதுதான் பிடிக்கும். பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண்ணில் அது செழிக்கும். வெள்ளைக்காரத் துரைமார் காடழித்துத் தேயிலை போட்டதற்கும், நம் பாட்டன் பூட்டன் மன்னார் வழியாக நடந்து வந்ததற்கும் பின்னால் இந்தப் பாறையின் வேதியியலுக்கும் ஒரு பங்கு உண்டு.

கரைய முடியாதது ஆற்று மணலாகிறது. ஓயாவில் ஒரு பிடி மணல் அள்ளி ஈரத்தோடு உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் தெரிவது குவார்ட்ஸ். இளஞ்சிவப்பு கார்னெட். கறுப்பில் கொஞ்சம் காந்தத்துக்கு ஒட்டும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தமே போதும். இரத்தினபுரிப் பக்கம் பழைய ஆற்றுப்படுகைகளில் தங்கிய சரளைக்குள் நீலக்கல்லும் புஷ்பராகமும் கிடைப்பது இதே காரணத்தால்: கடினமானதும் கனமானதும் பிழைத்துக் கீழே தங்கும், மற்றது போய்விடும். 1904இல் ஆனந்த குமாரசுவாமி தோரியனைட் என்ற புதிய கனிமத்தைக் கண்டதும் இப்படி ஆற்றுச் சரளையிலிருந்து வந்த கனமான கறுப்புப் பரல்களில்தான். கலை பற்றி எழுதியவராகவே நம்மவர்கள் அவரை அறிவார்கள். அவர் இலங்கைக் கனிமவள அளவையின் முதல் பணிப்பாளராக இருந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சொல்ல வேண்டும்.

இவ்வளவு மழை கொட்டும் இடத்தில் மலை வேகமாகத் தேயும் என்றுதானே நினைப்போம்? மேல் மகாவலிப் பகுதி ஆற்று மணலின் குவார்ட்ஸ் பரல்களில் பெரிலியம்-10 என்ற அணுவை அளந்து 2000களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அண்டக்கதிர் படப்பட இந்த அணு பரலுக்குள் சேர்கிறது. நிலம் மெதுவாகத் தேய்ந்தால் பரல் நிலத்தின் மேற்புறத்தில் அதிக காலம் கிடக்கும், அணுவும் அதிகம் சேரும். கணக்கு சொன்னது: மனிதர் கை படாத காலத்தில் மேட்டுநிலம் ஆயிரம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர், அல்லது அதற்கும் குறைவாகத்தான் தேய்ந்தது. தடித்த மண்ணும் காடும் பாறையைக் காத்துக்கொண்டிருந்தன. காடழித்துப் பயிர் செய்த சரிவுகளிலோ மண்ணரிப்பு அதைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை. பொல்கொல்லையிலும் றந்தெம்பேயிலும் நீர்த்தேக்கங்களில் வண்டல் நிறைவது அந்த மண்தான்.

இப்போது மண்சரிவு. மேலே சொன்ன வெட்டுமுகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் எளிதில் இறங்காத பாறை. மேலே பல மீற்றர் மக்கலும் களியும். நீண்ட மழையில் தண்ணீர் இறங்கி, பாறைக்கு மேல் தேங்கி, மண்பரல்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளை நிரப்புகிறது. பரலும் பரலும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதுதான் சரிவின் பலம். நடுவில் தேங்கிய நீர் அவற்றை விலக்கித் தள்ளும்போது அந்தப் பிடி தளர்கிறது. மண்ணின் பாரமோ கூடியிருக்கிறது. ஒரு கட்டத்தில் முழுச் சரிவும் நகர்ந்துவிடும். பாறை தன் இடத்திலேயே இருக்கும்.

மிக ஆபத்தான இடம் எது என்றால், செங்குத்துப் பாறைக்கு அடிவாரத்தில் ஓரளவு சாய்வு குறைந்து, வந்த கற்களும் குழம்பிய மண்ணும் நிறைந்து, ஊற்றுத் தண்ணீரும் தாராளமாக இருக்கும் நிலம். அது பழைய சரிவுகளில் இறங்கிய மண். ஒருமுறை சரிந்த மண் மறுபடி சரியச் சுலபம். ஆனால் பார்வைக்கு வீடு கட்ட அதைவிட நல்ல இடம் இருக்காது: தட்டையானது, பீலிக்குத் தண்ணீர் பக்கத்தில். கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, மூடிய சரிவு இப்படிப்பட்ட நிலத்தில்தான் நடந்தது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில், 2025 நவம்பர் கடைசிப் புயல்மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் என்று இது தொடர்கிறது. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஊவாப் பக்கத்துக்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரையான மழை என்று காலமும் பெரும்பாலும் முன்கூட்டித் தெரிந்ததே.

பாறையை நாம் மாற்ற முடியாது, மழையையும் முடியாது. தண்ணீர் போகும் வழி நம் கையில் இருக்கிறது. தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டி வைத்திருப்பது தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிப்போகத்தான். கான் தூர்ந்துபோனால் அந்தத் தண்ணீர் முழுவதும் சரிவுக்குள் போகிறது. வீட்டுக்குப் பின்னால் இடம் எடுக்க மலையின் அடியை நேராக வெட்டுவது அதைவிடக் கெடுதல், மேலே உள்ளதைத் தாங்கி நின்றதையே எடுத்துவிடுகிறோம்.

சரிவுக்கு முன்னால் நிலம் அடையாளம் காட்டும். மேட்டில் பிறை வடிவில் வெடிப்பு, முன்பு நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்தல், கதவு நிலையில் இறுகுதல், சுவரில் புது வெடிப்பு, தெளிந்த ஊற்று கலங்கி வருதல், ஊற்று திடீரென்று நிற்பது அல்லது புது இடத்தில் பீறிடுவது. ஊற்று கலங்குவதையோ, நிற்பதையோ, புது இடத்தில் பீறிடுவதையோ கண்டால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

மழையை அளந்தும் சொல்லலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் சாமான் கட்டித் தயாராக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். தோட்டத்து அலுவலகங்கள் பலவற்றில் மழைமானி இருக்கிறது, காலையில் வாசித்துப் பதிகிறார்கள். தங்கச்சி, உங்கள் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து அந்த அளவைத் தினமும் கேட்டு வாங்கி லயத்துப் பலகையில் எழுதுங்கள். அடைமழை நாளில் காலை வரை காத்திராமல் மாலையிலும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கங்கள் நேரான தகர டின்னும் அடிமட்டமும் இருந்தால் நீங்களே கிட்டத்தட்ட அளந்துவிடலாம். டின்னைக் கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி வெளியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.